சைட்டோகைன் ஏற்பியை ஆன்டிசென்ஸ் ‘தடுத்தது’ என்றால் என்ன பொருள்? செல் வளர்ப்புச் சோதனையின் உள்விவரம்

‘ஆன்டிசென்ஸ் மூலக்கூறு ஐஎல்-6 (இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைன்) ஏற்பியைத் தடுத்தது’ என்று படிக்கும்போது, செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பியில் ஏதோ ஒன்று போய் ஒட்டிக்கொண்டு சைட்டோகைனை அண்டவிடாமல் செய்வதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்பவை டோசிலிசுமாப் போன்ற எதிர்ப்புரதங்கள். ஆன்டிசென்ஸ் வேலை செய்யும் இடமே வேறு. ஏற்பியை உண்டாக்கும் செய்தியை அது செல்லுக்குள்ளேயே அழித்துவிடுகிறது. முன்பே மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை அது தொடுவதில்லை. குறைந்தபட்சம், தொடக் கூடாது. தொட்டுவிடுவதும் உண்டு, இந்தத் துறையின் பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது.

### அடிப்படை: எது எதை அழிக்கிறது

சைட்டோகைன்கள் என்பவை செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிறு புரதங்கள். இன்டர்லூகின்கள், டிஎன்எஃப், இன்டர்ஃபெரான்கள் எல்லாம் இதில் அடங்கும். ஒரு செல் இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அதற்குரிய ஏற்பி அதன் மேற்பரப்பில் இருக்க வேண்டும். ஏற்பியும் ஒரு புரதம்தான். அதன் மரபணுவிலிருந்து முதலில் முன்-எம்ஆர்என்ஏ உருவாகும். அதிலிருந்து இன்ட்ரான் என்ற இடைப் பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எக்ஸான் என்ற மீதிப் பகுதிகள் இணைந்து, செய்தியான எம்ஆர்என்ஏ ஆகும். அதிலிருந்து புரதம் தயாராகி மேற்பரப்புக்குப் போகும்.

ஆன்டிசென்ஸ் ஒலிகோ என்பது 16 முதல் 20 எழுத்து நீளமுள்ள, டிஎன்ஏ போன்ற ஒற்றை இழை. எம்ஆர்என்ஏவில் ஒரு பகுதிக்கு எதிர்ப்பொருத்தமான வரிசையில் இதைத் தயாரிப்பார்கள். பொருந்திய பிறகு நடப்பது இரண்டில் ஒன்று.

1. டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் இணைந்த இரட்டை இழையை ஆர்என்ஏஸ் எச்1 என்ற நொதி அடையாளம் கண்டு, ஆர்என்ஏ இழையை மட்டும் வெட்டும். ஒலிகோ பிழைத்து அடுத்த எம்ஆர்என்ஏவைத் தேடிப் போகும்.
2. நொதியை அழைக்காத வேதியமைப்பில் செய்தால், ஒலிகோ வெறுமனே உட்கார்ந்து வழிமறிக்கும். பெரும்பாலும் இதைப் பயன்படுத்துவது எக்ஸான் ஒன்றைத் தாண்டிச் செல்ல வைக்கத்தான்.

இரண்டாவது வழியைச் சைட்டோகைன் ஏற்பியில் பயன்படுத்தினால் வேடிக்கையான பலன் கிடைக்கும். டிஎன்எஃப்-இன் இரண்டாம் வகை ஏற்பியில் 7-ஆம் எக்ஸானைத் தாண்டவைத்தால், சவ்வில் ஊன்றி நிற்கும் பகுதி இல்லாத ஏற்பி உருவாகும். அது செல்லிலிருந்து வெளியேறி ஊடகத்தில் மிதந்து டிஎன்எஃப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஏற்பி குறைவதோடு, ஏற்பியே எதிரியாகவும் மாறுகிறது. இனி வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் வழியைப் பற்றியது.

இந்த உத்தி பிறந்ததே செல் வளர்ப்புத் தட்டில்தான். 1978-இல் பால் ஜமெக்னிக்கும் மேரி ஸ்டீஃபன்சனும் 13 எழுத்துள்ள டிஎன்ஏ துண்டைக் கோழிக் கரு ஃபைப்ரோபிளாஸ்ட்களில் (இணைப்புத் திசுச் செல்களில்) சேர்த்து ரூஸ் சார்கோமா வைரஸின் பெருக்கத்தைக் குறைத்தார்கள். முதல் ஆன்டிசென்ஸ் மருந்தான ஃபோமிவிர்சென் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1998-இல். இடையில் 1991-லேயே, ஐஎல்-1 ஏற்பியின் எம்ஆர்என்ஏவுக்கு எதிரான ஒலிகோக்கள் சுண்டெலி, மனித ஃபைப்ரோபிளாஸ்ட்களில் ஐஎல்-1-இன் விளைவைக் குறைப்பதாக ஆய்வு வெளிவந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரியவந்த சில உண்மைகள், அந்தக் காலத்துச் சோதனை முறைகள் பலவற்றைச் சந்தேகத்துக்குள்ளாக்கின. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

### ஒலிகோவின் உடலமைப்பு

சாதாரண டிஎன்ஏ துண்டைச் சீரம் கலந்த ஊடகத்தில் போட்டால், சீரத்திலுள்ள நியூக்ளியேஸ் நொதிகள் 3 பிரைம் முனையிலிருந்து கடித்துத் தின்றுவிடும். அதனால் இரண்டு மாற்றங்கள்.

முதுகெலும்பில் ஒவ்வொரு பாஸ்பேட்டிலும் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம்: இது பாஸ்ஃபோரோதயோயேட். நொதிகளிடமிருந்து தப்பிக்க உதவுகிறது. கூடவே புரதங்களோடு ஒட்டும் குணத்தையும் தருகிறது. பின்னது வரமும் சாபமும்.

சர்க்கரையில் 2 பிரைம் இடத்தில் மாற்றம்: எம்ஓஇ அல்லது எல்என்ஏ. இது பிடிப்பை வலுவாக்கும். ஆனால் இழை முழுவதையும் இப்படி மாற்றினால் ஆர்என்ஏஸ் எச்1 வராது. எனவே நடுவில் சுமார் 10 எழுத்து டிஎன்ஏவாகவே விட்டு, இரு ஓரங்களை மட்டும் மாற்றுவார்கள். இதுதான் கேப்மர். 5-10-5 எம்ஓஇ என்றால் 20 எழுத்து. 3-10-3 எல்என்ஏ என்றால் 16 எழுத்து.

சிறு கணக்கு ஒன்று: 20 எழுத்தில் 19 பாஸ்ஃபோரோதயோயேட் இணைப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு முப்பரிமாண வடிவங்களில் இருக்கலாம். ஆக நாம் ‘ஒரு மூலக்கூறு’ என்று வளர்ப்புத் தட்டின் குழியில் விடுவது உண்மையில் 5,24,288 வடிவங்களின் கலவை.

### எந்தச் செல்லில் சோதிப்பது

தவறான செல்லைத் தேர்ந்தால் மற்றதெல்லாம் வீண். மூன்று நிபந்தனைகள் பொருந்த வேண்டும்: குறிவைக்கும் ஏற்பி இயல்பாகவே இருக்க வேண்டும், சைட்டோகைனுக்கு அளவிடத்தக்க பதில் வர வேண்டும், ஒலிகோ உள்ளே போக வேண்டும்.

ஐஎல்-1 ஏற்பிக்குத் தோல் அல்லது மூட்டு ஃபைப்ரோபிளாஸ்ட், ஏ549 நுரையீரல் செல். ஐஎல்-6 ஏற்பிக்கு ஹெப்ஜி2 கல்லீரல் செல். இவை எளிய தொடக்கங்கள். ஐஎல்-6-இல் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் சமிக்ஞையைக் கடத்தும் ஜிபி130 சங்கிலி ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஐஎல்-6-ஐ முதலில் பிடிக்கும் ஆல்ஃபா சங்கிலியோ கல்லீரல் செல்கள், சில வெள்ளணுக்கள் போன்ற சிலவற்றில்தான் உண்டு. ஆல்ஃபா சங்கிலி இல்லாத செல்கூட, மிதக்கும் ஏற்பி ஊடகத்தில் இருந்தால் பதில் சொல்லிவிடும்.

ஏற்பியின் சிடிஎன்ஏவை (எம்ஆர்என்ஏவிலிருந்து நகலெடுத்த டிஎன்ஏவை) வெளியிலிருந்து புகுத்தி மிகையாக உற்பத்தி செய்யும் செல்களில் சோதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் இன்ட்ரானும் இயல்பான முனைப் பகுதிகளும் இருக்காது. அவற்றைக் குறிவைத்த நல்ல ஒலிகோ அங்கே தோற்கும். மரபணுவை இயக்கும் வலுவான வைரஸ் புரோமோட்டர் எம்ஆர்என்ஏவைக் கொட்டிக்கொண்டே இருப்பதால் ஒலிகோவின் உண்மையான வலிமையும் தெரியாது.

### வரிசையைத் தேர்ந்தெடுத்தல்

எம்ஆர்என்ஏ நேராக நீட்டிவைத்த நூல் அல்ல. தனக்குள்ளேயே மடிந்து, புரதங்களால் மூடப்பட்டுக் கிடக்கிறது. எந்த இடம் திறந்திருக்கும் என்பதைக் கணினி ஓரளவுதான் சொல்லும். ஆகவே 20 முதல் 50 ஒலிகோக்களை ஒரே செறிவில் முயன்று, சிறந்த மூன்று நான்கை மட்டும் முழு அளவு-பதில் சோதனைக்கு எடுத்துக்கொள்வதே நடைமுறை. ஆர்என்ஏஸ் எச்1 உட்கருவிலும் இருப்பதால் இன்ட்ரான் பகுதிகளையும் பட்டியலில் சேர்க்கலாம்.

விலக்க வேண்டியவை:

1. தொடர்ந்து நான்கு ஜி உள்ளவை. இவை நான்கு நான்காகச் சேர்ந்து அடுக்குகளாகிப் புரதங்களைப் பிடிக்கும். 1990-களில் ஆன்டிசென்ஸ் விளைவு என்று எண்ணப்பட்ட சில, இந்த அடுக்குகளின் வேலை என்று பின்னர் தெரிந்தது.
2. சிஜி ஜோடி (சி எழுத்தை அடுத்து ஜி) உள்ளவை. மெத்தில் இல்லாத சிஜி ஜோடி பாக்டீரியா டிஎன்ஏவின் அடையாளமாக பி செல்களைத் தூண்டுகிறது என்பது 1995-இல் தெரியவந்தது. அதை உணர்வது டிஎல்ஆர்9 என்ற ஏற்பி. தவிர்க்கவே முடியாவிட்டால் சைட்டோசினை 5-மெத்தில் சைட்டோசினாக மாற்ற வேண்டும்.
3. வேறு மரபணுக்களோடு அதிகம் பொருந்துபவை. 16 எழுத்தில் சுமார் 429 கோடி வரிசைகள் சாத்தியம்; மனித மரபணுத் தொகுதியோ சுமார் 310 கோடி எழுத்து. முழுப் பொருத்தம் தற்செயலாக வேறிடத்தில் கிடைக்கும் வாய்ப்பு சிறியதல்ல. ஓர் எழுத்து மாறினாலும் போதும் என்றால் 48 வகைகளைத் தேட வேண்டும். முதிர்ந்த எம்ஆர்என்ஏக்களில் மட்டும் தேடுவது போதாது, முன்-எம்ஆர்என்ஏக்களிலும் தேட வேண்டும்.

### செல்லுக்குள் அனுப்புதல்

ஒலிகோ எதிர்மின்னேற்றம் கொண்டது. செல் சவ்வும் அப்படியே. ஊடகத்தில் விட்டால் பெரும்பகுதி, செல் விழுங்கியதை வைக்கும் எண்டோசோம் பைகளில் சிக்கிக் கிடக்கும். நேர்மின்னேற்ற லிப்பிட்டோடு கலந்து கொடுப்பதே ஒட்டி வளரும் செல்களுக்கு வழக்கம்.

5-10-5 எம்ஓஇ ஒலிகோவின் மூலக்கூறு எடை சுமார் 7,200. அதனால் 1 மில்லிகிராமை 139 மைக்ரோலிட்டர் நியூக்ளியேஸ் இல்லா நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். இதை நூறு மடங்கு நீர்த்தால் 10 மைக்ரோமோலார் வேலைக் கரைசல். செறிவை 260 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலில் சரிபார்க்காமல் பாட்டில் லேபிளை நம்ப வேண்டாம்; பொடியில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும்.

24 குழித் தட்டில் ஒரு குழிக்கு:

1. முதல் நாள் 50,000 ஃபைப்ரோபிளாஸ்ட்களை இட்டு, மறுநாள் 60 முதல் 70 சதவீதம் பரப்பு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கவும்.
2. சீரமற்ற ஊடகம் 50 மைக்ரோலிட்டரில் வேலைக் கரைசல் 2.5 மைக்ரோலிட்டர். அதாவது 25 பிகோமோல்.
3. வேறொரு 50 மைக்ரோலிட்டரில் லிப்பிட் 1 மைக்ரோலிட்டர். இரண்டையும் கலந்து 15 நிமிடம் அறை வெப்பத்தில் விடவும்.
4. குழியில் 400 மைக்ரோலிட்டர் ஊடகம் இருக்க, கலவையைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். இறுதிச் செறிவு 50 நானோமோலார்.
5. 4 முதல் 6 மணி நேரத்தில் ஊடகத்தை மாற்றவும்.

அளவு-பதில் சோதனையில் 1, 3, 10, 30, 100 நானோமோலார் என்று ஏற்றும்போது பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒலிகோ குறையும்போது லிப்பிட் விகிதம் மாறும். துகளின் அளவும் உட்புகும் அளவும் நச்சுத்தன்மையும் அதோடு மாறும். மொத்த ஒலிகோவை எல்லாக் குழிகளிலும் 100 நானோமோலாராக வைத்து, குறைவதை, இலக்கோடு பொருந்தாத கட்டுப்பாட்டு ஒலிகோவால் நிரப்ப வேண்டும். அப்போதுதான் வளைவு எதைக் காட்டுகிறது என்று சொல்ல முடியும்.

லிப்பிட் இல்லாமலும் செய்யலாம். எல்என்ஏ கேப்மரை 1 முதல் 10 மைக்ரோமோலார் வரை வெறுமனே ஊடகத்தில் விட்டு 3 முதல் 7 நாள் காத்திருந்தால், பல செல் வகைகளில் எண்டோசோமிலிருந்து கசியும் சிறு பகுதியே போதுமான வேலை செய்யும். மெதுவானது, பொருளும் அதிகம் செலவாகும். ஆனால் லிப்பிட் தரும் அதிர்ச்சி இல்லை. உடலில் நடப்பதற்கும் இதுவே நெருக்கம். மிதந்து வளரும் டி செல்களுக்கு மின்துளையிடல்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

### நேரக் கணக்கு

எம்ஆர்என்ஏ சில மணி நேரத்தில் விழுந்துவிடும். மேற்பரப்பு ஏற்பி அப்படி விழாது. முன்பே தயாரானது அதன் ஆயுள் முடியும்வரை இருக்கும். ஓர் உதாரணம்: ஏற்பியின் அரை ஆயுள் 24 மணி நேரம் என்றும், ஒலிகோ புது உற்பத்தியை 80 சதவீதம் குறைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் ஏற்பி 60 சதவீதமாகத்தான் இறங்கியிருக்கும். 48-இல் 40, 72-இல் 30. எவ்வளவு காத்திருந்தாலும் 20-க்குக் கீழே போகாது. எம்ஆர்என்ஏ நன்றாகக் குறைந்த 24-ஆம் மணியிலேயே சைட்டோகைனைக் கொடுத்துப் பார்த்து ‘விளைவு இல்லை’ என்று முடிவு கட்டுவது பொதுவான தவறு. செல் பிரியும் வேகமும் கணக்கில் வரும்: இரண்டாகப் பிரியும்போது பழைய ஏற்பியும் பங்கிடப்படும், ஒலிகோவும் பங்கிடப்படும்.

எதிர்த்திசையில் யோசித்தால் இது ஒரு நல்ல சோதனை. ஒலிகோ கொடுத்த அரை மணி நேரத்தில் சைட்டோகைன் பதில் சரிந்தால், அது ஆன்டிசென்ஸாக இருக்கவே முடியாது.

### மூன்று படிகளில் அளவீடு

எம்ஆர்என்ஏ. ஆர்என்ஏவைச் சிடிஎன்ஏவாக்கி, சுழற்சிதோறும் இரட்டிப்பாக்கி அளக்கும் ஆர்டி-கியூபிசிஆர் முறையில், இரு சுழற்சி வேறுபாடு என்றால் 75 சதவீதக் குறைவு, 3.3 சுழற்சி என்றால் 90 சதவீதம். பிரைமர்களை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) வெட்டு விழும் இடத்தின் இரு பக்கமும் வைப்பது நல்லது. வெட்டுண்ட துண்டு அழியாமல் தங்கியிருந்தாலும் கணக்கில் வராது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. செல்லைக் கரைத்தபின் எண்டோசோமில் கிடந்த ஒலிகோ வெளிப்பட்டு, ஆர்என்ஏவோடு சோதனைக்குழாயிலேயே ஒட்டிக்கொள்ளலாம். சிடிஎன்ஏ தயாரிக்கும் நொதிகள் பலவற்றுக்கு ஆர்என்ஏஸ் எச் குணமும் உண்டு. செல்லில் நடக்காத வெட்டு குழாயில் நடந்துவிடும். எளிய தற்காப்பு: ஒலிகோ கொடுக்காத செல்களின் கரைசலில் அதே அளவு ஒலிகோவைச் சேர்த்து, பிறகு ஆர்என்ஏ பிரித்துப் பார்க்கவும். எண் நகரக் கூடாது. வெட்டிலிருந்து தள்ளி இரண்டாவது பிரைமர் ஜோடியும் இருந்து இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒப்பீட்டு மரபணுவும் சைட்டோகைனால் மாறாததாக இருக்க வேண்டும்; ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மேற்பரப்புப் புரதம். வெஸ்டர்ன் பிளாட் செல்லின் மொத்த ஏற்பியைக் காட்டும். சைட்டோகைனுக்குத் தெரிவது மேற்பரப்பில் இருப்பது மட்டுமே. எனவே உயிருள்ள செல்களில், ஒவ்வொரு செல்லாக ஒளிரும் குறியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. இங்கே டிரிப்சின் போட்டுச் செல்களை எடுத்தால் ஏற்பிகளின் வெளிப்பகுதியையும் சேர்த்து வெட்டிவிடும். எல்லாக் குழிகளிலும் ஏற்பி ‘குறைந்து’ காணும். இடிடிஏ போன்ற மென்மையான வழியில் எடுக்க வேண்டும். இன்னொன்று: செல் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது ஏடிஏஎம்17 என்ற நொதி ஐஎல்-6 ஏற்பி, டிஎன்எஃப் ஏற்பி போன்றவற்றை மேற்பரப்பிலிருந்து சீவி ஊடகத்தில் தள்ளும். லிப்பிட் நச்சு இதைத் தூண்டினால், எம்ஆர்என்ஏ குறையாமலேயே மேற்பரப்பு ஏற்பி குறையும். ஊடகத்தில் மிதக்கும் ஏற்பியை எலைசா மூலம் அளந்தால் இது அகப்பட்டுவிடும்.

சமிக்ஞை. முடிந்தவரை ஏற்பிக்குப் பக்கத்திலேயே அளக்கவும். ஐஎல்-6 கொடுத்த 15 நிமிடத்தில், சமிக்ஞையை உட்கருவுக்குக் கொண்டுபோகும் புரதமான ஸ்டாட்3-இல் டைரோசின் 705 பாஸ்பேட் ஏறுகிறதா. ஐஎல்-4 என்றால் ஸ்டாட்6-இல் டைரோசின் 641. ஐஎல்-1 என்றால் 15 முதல் 30 நிமிடத்தில் ஐகப்பாபி ஆல்ஃபா என்ற தடுப்புப் புரதம் அழிகிறதா. பிறகுதான் 6 முதல் 24 மணி நேரத்தில் ஊடகத்தில் சேரும் ஐஎல்-8 போன்றவை. தொலைவான அளவீடு பெரிய எண்ணைத் தரும், கவர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் இடையில் உள்ள ஒவ்வொரு படியிலும் ஒலிகோ வேறுவிதமாகக் கைவைக்க இடமுண்டு.

### 80 சதவீதம் குறைந்தும் பதில் ஏன் குறையவில்லை

நல்ல ஒலிகோக்கள் பல இந்த இடத்தில்தான் தூக்கியெறியப்படுகின்றன.

சில ஏற்பிகளில் மிகச் சிலவே நிரம்பினாலும் முழுப் பதில் வந்துவிடும். ஐஎல்-1 இதற்குப் பேர்போனது. கற்பனை எண்களில் பார்ப்போம். செல்லில் 1,000 ஏற்பிகள். பாதிப் பதிலுக்கு 20 நிரம்பினால் போதும். ஏற்பிகளில் பாதி நிரம்பத் தேவையான சைட்டோகைன் செறிவு 100 அலகு.

- ஒலிகோ இல்லாமல், பாதிப் பதிலுக்குத் தேவை சுமார் 2 அலகு.
- 80 சதவீதக் குறைப்புக்குப் பின் 200 ஏற்பிகள் மிச்சம். தேவை சுமார் 11 அலகு.
- 95 சதவீதக் குறைப்பில் 50 மிச்சம். தேவை சுமார் 67 அலகு.
- 98 சதவீதத்தில்தான், மிச்சமுள்ள 20-உம் நிரம்பினாலும் பாதிப் பதிலைத் தாண்ட முடியாது.

500 அலகு சைட்டோகைனை வாரிக் கொட்டி ஒரே புள்ளியில் அளந்தால், 80 சதவீதக் குறைப்பு கண்ணுக்கே தெரியாது. 5 அலகில் அளந்திருந்தால் தெளிவாகத் தெரிந்திருக்கும். எனவே சைட்டோகைனையும் குறைந்தது ஆறேழு செறிவுகளில் கொடுத்து முழு வளைவு வரைய வேண்டும். வளைவு வலப்பக்கம் நகர்ந்தால் ஏற்பி குறைந்திருக்கிறது; உச்சி மட்டும் தாழ்ந்தால் செல்லில் உபரி ஏற்பிகள் இல்லை, அல்லது செல் நோயுற்றிருக்கிறது. குறைந்த செறிவுச் சைட்டோகைன் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் காணாமல் போகும். நீர்க்கும் கரைசலில் 0.1 சதவீத ஆல்புமின் வைத்துக்கொள்ளவும்.

### ஆன்டிசென்ஸ் இல்லாமலே அதே பலன்

சைட்டோகைன் பதில் குறைந்தது என்ற ஒரே ஒரு முடிவு கீழே உள்ள எதனாலும் வரலாம்.

1. ஒலிகோ நேரடியாகப் புரதத்தில் ஒட்டுவது. பாஸ்ஃபோரோதயோயேட், இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினைப் போன்ற எதிர்மின்னேற்றச் சங்கிலி. ஹெப்பாரினோடு ஒட்டும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்துவைக்கும். மைக்ரோமோலார் அளவில் ஊடகத்தில் இருக்கும்போது சைட்டோகைனையே, அல்லது ஏற்பியையே மறைக்கலாம். சைட்டோகைன் சேர்ப்பதற்கு முன் ஒலிகோவைக் கழுவி நீக்கிப் பார்த்தால் இது பிரிந்துவிடும்.
2. டிஎல்ஆர்9 தூண்டல். பி செல், பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் கலந்த இரத்தச் செல் வளர்ப்பில், ஒலிகோவே ஐஎல்-6, இன்டர்ஃபெரான் ஆகியவற்றைச் சுரக்கவைக்கும். அவை ஏற்பிகளைக் கீழிறக்கும். சோதிக்கும் அமைப்பையே சோதனைப் பொருள் கலைத்துவிடுகிறது.
3. எண்டோடாக்சின் (பாக்டீரியாச் சுவரின் நச்சு) மாசு. இதுவும் டிஎல்ஆர்4 வழியாக அதே குழப்பத்தைச் செய்யும். ஒவ்வொரு ஒலிகோத் தொகுதியையும், இந்த நச்சைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனை செய்யாமல் சைட்டோகைன் வேலைக்கு எடுக்கவே கூடாது. கட்டுப்பாட்டு ஒலிகோ சுத்தமாகவும் சோதனை ஒலிகோ மாசாகவும் இருந்தால் முடிவு அழகாக, ஆனால் பொய்யாக வரும்.
4. நச்சுத்தன்மை. சாகும் செல் எதற்கும் பதில் சொல்லாது. ஏடிபி அளவும் (உயிருள்ள செல்லின் அடையாளம்) எல்டிஎச் கசிவும் (உடைந்த செல்லின் அடையாளம்) அதே தட்டில் அளக்கப்பட வேண்டும், வேறொரு நாள் செய்த தட்டில் அல்ல.

### எது இருந்தால் நம்பலாம்

குலைத்த வரிசை ஒன்றை மட்டும் கட்டுப்பாடாக வைத்துவிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். அது போதாது, குலைக்கும்போது சிஜி ஜோடியும் ஜி தொடரும் மாறிவிடுவதால் அதன் ஒட்டும் குணமே வேறாகிவிடும். 3 அல்லது 4 எழுத்தை மட்டும் மாற்றிய பொருந்தா ஒலிகோ இதைவிடச் சிறந்தது. மொத்த எழுத்துக் கலவை அப்படியே இருக்க வேண்டும். இவற்றோடு:

1. ஏற்பி எம்ஆர்என்ஏவின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் குறைந்தது இரண்டு ஒலிகோக்கள் ஒரே பலனைத் தர வேண்டும். இரண்டுக்கும் பொதுவான தற்செயல் இலக்கு அமைவது அரிது.
2. எம்ஆர்என்ஏ, மேற்பரப்பு ஏற்பி, சமிக்ஞை மூன்றும் அளவிலும் நேரத்திலும் வரிசைப்படி இறங்க வேண்டும். 10 நானோமோலாரில் சமிக்ஞை போய், 100-இல்தான் எம்ஆர்என்ஏ குறைகிறதென்றால் அங்கே வேறேதோ நடக்கிறது.
3. பக்கத்து ஏற்பி பிழைத்திருக்க வேண்டும். ஏ549 செல்லில் ஐஎல்-1, டிஎன்எஃப் இரண்டுமே ஐஎல்-8-ஐச் சுரக்கவைக்கும். ஐஎல்-1 ஏற்பியைக் குறைத்தால் ஐஎல்-1-க்கான பதில் மட்டும் இறங்கி, டிஎன்எஃப்-க்கான பதில் அப்படியே நிற்க வேண்டும். என் கணிப்பில் எல்லாக் கட்டுப்பாடுகளிலும் மலிவானதும் கூர்மையானதும் இதுதான்.
4. மருந்தியல் ஒப்பீடு: ஐஎல்-1 ஏற்பியை அடைக்கும் மருந்தான அனாகின்ரா அல்லது ஏற்பியின் எதிர்ப்புரதம் கொடுத்த குழி, முழுத் தடுப்பு எப்படி இருக்கும் என்று காட்டும்.
5. மீட்புச் சோதனை: ஒலிகோ இன்ட்ரானையோ முனைப் பகுதியையோ குறிவைத்தால், அந்தப் பகுதி இல்லாத சிடிஎன்ஏவைப் புகுத்தி ஏற்பியைத் திரும்பக் கொண்டுவரலாம். முன்பு குறையாகச் சொன்ன மிகை உற்பத்தி இங்கே பயன்படும். பதிலும் திரும்பி வர வேண்டும்.

பொதுச் சங்கிலிகளைக் குறிவைக்கும்போது மூன்றாவது கட்டுப்பாட்டைக் கவனமாக அமைக்க வேண்டும். ஐஎல்-6-இன் ஆல்ஃபா சங்கிலியைக் குறைத்தால், ஜிபி130-ஐப் பகிரும் மற்றொரு சைட்டோகைனான ஆன்கோஸ்டாட்டின் எம்-க்கான பதில் குறையாமல் இருக்க வேண்டும். ஜிபி130-ஐக் குறைத்தால் ஐஎல்-6, ஐஎல்-11, எல்ஐஎஃப், ஆன்கோஸ்டாட்டின் எம் எல்லாம் சேர்ந்து விழும். அதைப் பக்கவிளைவு என்று எழுதக் கூடாது. ஐஎல்-4 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலி ஐஎல்-13-க்கும் பாதி வீடு. அங்கே இரண்டும் விழுவதே சரியான முடிவு.

புள்ளியியலில் ஒன்றே ஒன்று: ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் அல்ல. வேறு நாளில், புதிதாக இட்ட செல்களில், புதிதாகக் கலந்த லிப்பிட்டில் செய்ததுதான் இன்னொரு சோதனை. முதன்மைச் செல்களானால் வேறு கொடையாளியும் வேண்டும்.

### தட்டில் கிடைத்தது எவ்வளவு தூரம் போகும்

லிப்பிட்டில் 20 நானோமோலாரில் கிடைத்த வெற்றி, உடலில் அதே செறிவில் கிடைக்கும் என்று பொருளில்லை. ஊசி வழியாகப் போகும் பாஸ்ஃபோரோதயோயேட் ஒலிகோக்கள் பெரும்பாலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் சேர்கின்றன. சைட்டோகைன் ஏற்பிகள் முக்கியமாக வேலை செய்யும் ஓய்வுநிலை டி செல்களுக்குள் போவது கடினம். அதனால்தான் இந்த இலக்குகளில் மனிதர்வரை போன சில, மூச்சுவழி என்ற குறுக்குப் பாதையைத் தேர்ந்தன. ஐஎல்-4 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலிக்கு எதிரான ஒலிகோ அப்படிச் சோதிக்கப்பட்டது. ஐஎல்-3, ஐஎல்-5, ஜிஎம்-சிஎஸ்எஃப் மூன்றுக்கும் பொதுவான பீட்டா சங்கிலியையும், சிசிஆர்3 என்ற கீமோகைன் ஏற்பியையும் சேர்த்துக் குறிவைத்த இரு ஒலிகோக்களின் கலவையும் ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. குரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கான மோங்கெர்சென் என்ற ஒலிகோவுக்கு வேறு வகை இலக்கு: ஏற்பி அல்லாத, செல்லுக்குள் இருக்கும் எஸ்மேட்7 என்ற புரதம். வாய்வழி கொடுக்கப்பட்ட அது ஆரம்ப மனிதச் சோதனையில் நம்பிக்கை தந்து, 2017-இல் மூன்றாம் கட்டத்தில் நிறுத்தப்பட்டது.

தட்டில் செய்யக்கூடிய மிக நெருங்கிய ஒத்திகை, லிப்பிட்டே இல்லாமல், இலக்கு நோயில் உண்மையில் ஈடுபடும் முதன்மைச் செல்களில், 10 சதவீதச் சீரத்தோடு, ஒரு வாரம் காத்திருந்து செய்வது. லிப்பிட்டில் பளிச்சென்று வேலை செய்த ஒலிகோக்கள் பலவற்றின் தரவரிசை அங்கே தலைகீழாகும். ஆரம்பப் பட்டியலிலிருந்து மூன்று நான்கை விட்டுவைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.